23ஆம் தேதி வரும் எண்

ஒவ்வொரு மாதமும் 23ஆம் தேதியை ஒட்டி, பகல் ஒரு மணிக்கு, சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறை முந்தைய மாதத்துப் பயனீட்டாளர் விலைக் குறியீட்டை வெளியிடும். கூடவே, இங்கே மத்திய வங்கியாக உள்ள நாணய ஆணையமும் வர்த்தக, தொழில் அமைச்சும் சேர்ந்து எழுதிய விளக்க அறிக்கை ஒன்று வரும். சாயங்காலச் செய்திக்குள் எல்லாம் இரண்டு எண்களாகச் சுருங்கிவிடும்: ஒட்டுமொத்தப் பணவீக்கம் இத்தனை விழுக்காடு, மூலாதாரப் பணவீக்கம் (கார் செலவையும் வீட்டு வாடகையையும் கழித்துப் பார்ப்பது) இத்தனை விழுக்காடு. நான் பொருளியல் படித்தவள் இல்லை. வீட்டு வரவு செலவை நோட்டுப் போட்டு எழுதுகிறவள். ஆனால் இந்த அறிக்கையை 2022இலிருந்து விடாமல் படித்துவருகிறேன். அந்த வருடம்தான் என் நோட்டில் வரவைச் செலவு தாண்டத் தொடங்கியது.

2025 ஆகஸ்ட்டுக்கான மூலாதாரப் பணவீக்கம் 0.3 விழுக்காடு. 2021 பிப்ரவரிக்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்த எண் வந்ததில்லை. “பணவீக்கம் நல்லா இறங்கிடுச்சு” என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் செய்தியைப் பகிர்ந்தார். உடனே ஓர் அக்கா கேட்டார்: “இறங்கிடுச்சுன்னா கோப்பி ஏன் இன்னும் அதே விலைக்கு விக்குது?”

நியாயமான கேள்வி. அதற்கு யாரும் பொறுமையாகப் பதில் சொல்வதில்லை என்பது எனக்கு வெகு நாளாக உள்ள ஆதங்கம். குழுவில் நாலு வரியில் எழுதிப் பார்த்தேன், போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. செய்தியில் வரும் விழுக்காடு, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. 0.3 என்றால், 2024 ஆகஸ்ட்டில் 100 வெள்ளிக்கு வாங்கிய சாமான் 2025 ஆகஸ்ட்டில் 100 வெள்ளி 30 காசு. (வெள்ளி என்று நாங்கள் சொல்வது சிங்கப்பூர் டாலரை.) அதற்கு மேல் அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. 2021இல் அதே சாமான் என்ன விலைக்கு இருந்தது என்பது அதற்குள் இல்லை.

அதையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஒட்டுமொத்தப் பணவீக்கம் 2022இல் 6.1 விழுக்காடு, 2023இல் 4.8, 2024இல் 2.4. ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றினால், 2021இல் 100 வெள்ளியாக இருந்தது 106 ஆகி, 111 ஆகி, 2024இல் ஏறக்குறைய 114 வெள்ளியில் நிற்கிறது. 2025இல் பணவீக்கம் ஒரு விழுக்காட்டை ஒட்டி ஓடியது என்றால், அந்த 114க்கு மேல்தான் இன்னும் ஒரு வெள்ளி சேர்ந்தது. நூற்றுக்கு யாரும் திரும்பிப் போகவில்லை, போகவும் மாட்டோம். விலைவாசி மொத்தமாகப் பின்னோக்கிப் போவது வேலை போவது, கடை மூடுவது போன்ற வேறு துன்பங்களோடுதான் பெரும்பாலும் வரும். அதை நான் வேண்டவில்லை. ஆனால் வேகம் குறைந்ததைச் சொல்லும்போது, எந்த உயரத்தில் நின்றுகொண்டு குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

2025இலிருந்து இன்னொன்றும் நடந்திருக்கிறது. குறியீட்டுக்கு அடிப்படை ஆண்டு 2019ஆக இருந்தது. அதை 2024ஆக மாற்றினார்கள். மக்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு நடத்தி எடைகளை, அதாவது ஒவ்வொரு செலவுக்கும் குறியீட்டில் கொடுக்கும் பங்கை, புதுப்பிப்பது எல்லா நாட்டிலும் வழக்கம். அதில் குற்றமில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? இப்போது 2024தான் 100. புதிதாகப் பார்ப்பவர் கண்ணில் நூறைக் கொஞ்சம் தாண்டிய எண்தான் படும். மூன்று வருடத்து ஏற்றம் முழுவதும் அந்த நூறுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பழைய ஆண்டுகளின் வரிசை துறையின் இணையதளத்தில் பத்திரமாக இருக்கிறது, தேடிப் பார்ப்பவருக்கு.

இனி கோப்பிக்கு வருகிறேன். எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையின் விலைப் பலகையில், பழைய விலையின் மேல் புது விலை அச்சடித்த வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவார்கள். அதன் மேல் இன்னொன்று. ஓரம் பிரிந்த இடத்தில் பார்த்தால் கீழே 1.10 தெரியும், அதன் மேல் 1.20, இப்போது 1.40. நடுவில் 1.30 இல்லை. பலகை மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பிறகு ஒரு திங்கட்கிழமை திடீரென்று எல்லா வரியிலும் புதுத் தாள்.

பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1ஆம் தேதி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. சரியாக ஒரு வருடம் கழித்து 9 ஆனது. 1.20 வெள்ளிக் கோப்பிக்கு ஒரு விழுக்காடு என்றால் ஒரு காசும் சொச்சமும்தான். ஒரு காசை எந்தக் கடைக்காரர் ஏற்றுவார்? ஒரு காசு நாணயம் வெளியிடுவதை நிறுத்தியே பல காலம் ஆகிறது. அதோடு, ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடை அந்த வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை, அதனால் சின்னக் கடைகள் பல நம்மிடம் வரி என்று எதுவும் வாங்குவதில்லை. ஆனால் அவர்கள் வாங்கும் பால் டின், சர்க்கரை, எரிவாயு, துப்புரவுக் கட்டணம் எல்லாவற்றிலும் அது ஏறித்தான் வருகிறது. கடைக்காரர் தாங்கிக்கொண்டே இருப்பார். தாங்க முடியாத மாதத்தில் பத்துக் காசோ இருபது காசோ ஒரே அடியாக ஏற்றுவார்.

இருபது காசு என்றால் 1.20க்கு அது 16 விழுக்காட்டுக்கும் மேல். அந்த ஒரு மாதம் குறியீட்டில் அந்தக் கடையின் கோப்பி பெரிதாக எம்பும். அடுத்த பதினோரு மாதமும் மாதாந்தர மாற்றம் சுழியம். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் ஆண்டு ஒப்பீட்டிலிருந்தும் அது மறைந்துவிடும். கோப்பி 1.40க்கே விற்றுக்கொண்டிருக்க, அதன் பணவீக்கம் பூஜ்யம் என்று கணக்கு சொல்லும். கணக்கில் பிழையில்லை. வரி உயர்வுக்கும் இதே கதிதான். 2025 ஜனவரியில் மூலாதாரப் பணவீக்கம் 0.8 விழுக்காட்டுக்கு இறங்கியதற்கு ஒரு காரணம், 2024 ஜனவரியில் ஏறிய வரி அந்த மாதம் ஒப்பீட்டை விட்டு வெளியேறியது. வரி 9 விழுக்காட்டில்தான் நிற்கிறது.

மாதத்துக்கு மாதம் இந்த எண்கள் ஏன் துள்ளுகின்றன என்று புரிந்துகொள்ள நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சீனப் புத்தாண்டு 2023இல் ஜனவரி 22. 2024இல் பிப்ரவரி 10. பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரம் வாவல் மீன், இறால், பன்றி இறைச்சி எல்லாம் விலை ஏறும், முடிதிருத்தும் கடையில் கூடக் கூடுதல் கட்டணம். அந்த ஏற்றம் ஒரு வருடம் ஜனவரியில் விழுந்து அடுத்த வருடம் பிப்ரவரியில் விழுந்தால், மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது கணக்கு கோணலாகிவிடுகிறது. 2024 ஜனவரியில் மூலாதாரப் பணவீக்கம் 3.1, பிப்ரவரியில் 3.6, மார்ச்சில் மறுபடி 3.1. பிப்ரவரி எண் வந்த அன்று எத்தனை பதற்றம்! பார்த்தால் பெரும்பகுதி பண்டிகைத் தேதி நகர்ந்ததன் விளைவு.

மின்கட்டணம் காலாண்டுக்கு ஒருமுறை மாறும்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். இங்கே மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதி எரிவாயுவில் உற்பத்தியாவதால், உலகச் சந்தையில் எரிவாயு எங்கே போகிறதோ அங்கே நம் கட்டணமும் போகும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்குச் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் அரசு தரும் தள்ளுபடியும் இதே மாதிரி சில மாதங்களில் மட்டும் வருகிறது. தள்ளுபடி வந்த மாதம் வீட்டுச் செலவு குறைந்ததாகக் குறியீடு காட்டும், அடுத்த மாதம் ஏறியதாகக் காட்டும். கட்டணம் அதேதான். டிசம்பரில் பள்ளி விடுமுறை, விமான டிக்கெட் ஏறும். பேருந்து, ரயில் கட்டண உயர்வும் இப்போதெல்லாம் டிசம்பர் கடைசியில்தான்: 2023இல் 7 விழுக்காடு, 2024இல் 6. தண்ணீர் விலை 2024 ஏப்ரலில் கன மீட்டருக்கு 20 காசு, அடுத்த ஏப்ரலில் 30 காசு ஏறியது. ஒரு மாதத்து எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு “விலை ஏறுது”, “இறங்குது” என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, அது எந்த மாதம் என்பதைத்தான். மூன்று நான்கு மாதத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

இவை எல்லாம் உள்ளூர்க் கணக்கு. ஆனால் இந்தத் தீவின் விலைகள் பெரும்பாலும் உள்ளூரில் பிறப்பதில்லை. மொத்தப் பரப்பு 735 சதுர கிலோமீட்டரை ஒட்டி. சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. வேறொரு நாட்டில் மழை பொய்த்தால், வேறொரு அரசு தன் மக்களுக்காக ஒரு முடிவெடுத்தால், அது சில வாரங்களில் நம் தட்டுக்கு வந்துவிடும்.

2022 மே மாதம் மலேசியா, ஜூன் 1ஆம் தேதியிலிருந்து கோழி ஏற்றுமதியை நிறுத்துவதாக அறிவித்தது. அங்கே தீவனச் செலவு ஏறி, உற்பத்தி குறைந்து, உள்ளூர்ச் சந்தையிலேயே கோழிக்குத் தட்டுப்பாடு. மாதம் 36 லட்சம் கோழிகளை வெளியே அனுப்புவதை நிறுத்தினார்கள். 2021இல் சிங்கப்பூர் இறக்கிய கோழியில் 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது. பெரும்பாலும் உயிரோடு வந்து இங்கே அறுக்கப்படும். உறைந்த கோழி பிரேசிலிலிருந்து வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, ஆனால் ஈரச்சந்தையில் கோழி விற்பவர்களின் பிழைப்பு அந்தப் புதுக்கோழியில்தான் இருந்தது. தேக்கா சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் கடையில், வெட்டும் மரக்கட்டையைக் கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். தராசின் மேல் துணி மூடியிருந்தது. கடைக்காரர் பக்கத்து மீன்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். “எப்ப வரும் அண்ணே?” என்று கேட்டேன். “அவங்க விட்டாத்தாம்மா நமக்கு வரும்,” என்றார். ஜூன் கடைசியில் இந்தோனேசியக் கோழிக்கு அனுமதி கொடுத்தார்கள். மலேசிய பிராய்லர் கோழி திரும்ப வந்தது அக்டோபரில்தான்.

அடுத்த வருடம் நம் வீட்டு அரிசிக்கு வந்தது சோதனை. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. சிங்கப்பூர் 2022இல் இறக்கிய அரிசியில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. தாய்லாந்து அரிசி சாப்பிடும் வீடுகளில் இது வெறும் செய்தி. பொன்னி புழுங்கல் பொங்கும் வீடுகளில் அப்படியில்லை. பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில், 10 கிலோ பைகளை வாசலில் அடுக்குகிற வழக்கம், அந்த வாரம் உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். “அக்கா, வேணும்னா இப்பவே ஒண்ணு எடுத்துக்குங்க. அடுத்த கன்டெய்னர் என்ன விலைக்கு வரும்னு எனக்கே தெரியாது,” என்றார் கல்லாவில் இருந்த தம்பி. பின்னால் நின்ற ஒருவர் நான்கு பை தூக்கினார். “ஆளுக்கு ரெண்டுதான் அண்ணே, மத்தவங்களுக்கும் வேணும்ல,” என்று தம்பி மெதுவாகச் சொன்னதும் இரண்டை வைத்துவிட்டுப் போனார். அந்தத் தம்பியின் மேல் எனக்கு அன்றிலிருந்து தனி மரியாதை.

கடையில் அரிசி தீர்ந்துபோகவில்லை. அரிசி இறக்குமதியாளர்கள் தாங்கள் மாதம் இறக்கும் அளவில் இரண்டு மடங்கு எப்போதும் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் இந்தியா சிங்கப்பூருக்கு விலக்கு கொடுத்து, 50,000 டன் வெள்ளை அரிசி அனுப்பச் சம்மதித்தது. ஆனாலும் விலை ஏறியது ஏறியதுதான். அது தணிவதற்குள் டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை, மறு மே மாதம்வரை. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பர் கடைசியில் நீங்கியது.

இத்தனையும் நடந்த மாதங்களில் குறியீட்டை எடுத்துப் பார்த்தேன். அரிசியும் வெங்காயமும் அதில் ஒரு சின்னச் சலனத்துக்கு மேல் ஏற்படுத்தவில்லை. காரணம் எளிது. மொத்தக் குறியீட்டில் உணவின் பங்கு ஐந்தில் ஒன்று. அந்த ஐந்தில் ஒன்றிலும், சமைக்க வாங்கும் பொருளைவிட வெளியே வாங்கிச் சாப்பிடும் சாப்பாட்டுக்குத்தான் எடை அதிகம். இந்த ஊரின் சராசரிக் குடும்பம் அப்படித்தான் வாழ்கிறது. மூன்று வேளையும் வீட்டில் சமைக்கும் குடும்பம் அந்தச் சராசரிக்கு வெளியே நிற்கிறது. குறியீடு பொய் சொல்லவில்லை. அது வேறொரு வீட்டின் கணக்கைச் சொல்கிறது.

விலை வெளியிலிருந்து வருகிறது என்றால் அதைத் தடுக்க வழியே இல்லையா? இருக்கிறது, இந்த ஊர் அதை விசேஷமான முறையில் செய்கிறது. இந்தியாவில் பணவீக்கம் ஏறினால் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை) ஏற்றும். சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981இலிருந்து வட்டியைத் தொடுவதில்லை. வெள்ளியின் மதிப்பைத்தான் பிடிக்கிறது. நாம் வாணிபம் செய்யும் நாடுகளின் நாணயங்களை ஒரு தொகுப்பாக வைத்து, அதற்கு எதிராக வெள்ளி எவ்வளவு வேகத்தில் வலுவடையலாம் என்று ஒரு பட்டைக்குள் நிர்வகிக்கிறார்கள். எந்த நாணயத்துக்கு என்ன எடை, பட்டை எவ்வளவு அகலம் என்பதை வெளியே சொல்வதில்லை. வெள்ளி வலுத்தால், அதே கோழிக்கும் அதே எரிவாயுவுக்கும் நாம் கொடுக்கும் வெள்ளி குறையும். ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்தால் நாட்டின் மொத்த உற்பத்தியைப்போல் மூன்று மடங்கு வரும் ஊரில் வட்டியைவிட நாணயம்தான் விலையை வேகமாகத் தொடுகிறது.

2021 அக்டோபர் முதல் 2022 அக்டோபர்வரை ஐந்து முறை கொள்கையை இறுக்கினார்கள், அதாவது வெள்ளியை இன்னும் வலுக்க விட்டார்கள். அதில் இரண்டு முறை, அப்போது வழக்கமாக இருந்த ஏப்ரல், அக்டோபர் கூட்டத்துக்குக் காத்திருக்காமலே. அப்படியும் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 2022 ஆகஸ்ட், செப்டம்பரில் 7.5 விழுக்காட்டைத் தொட்டது. மூலாதாரப் பணவீக்கம் 2023 ஜனவரி, பிப்ரவரியில் 5.5. இறுக்காமல் விட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2025இல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் பிடியைத் தளர்த்தினார்கள்.

இந்த வலுவான வெள்ளியை நம் மக்கள் வேறு வழியிலும் உணர்ந்திருக்கிறார்கள். 2021 தொடக்கத்தில் ஊருக்குப் பணம் அனுப்பினால் ஒரு வெள்ளிக்கு 55 ரூபாய் சொச்சம். 2025இல் 65ஐத் தாண்டிவிட்டது. மலேசிய ரிங்கிட் 2021இல் மூன்றைக் கொஞ்சம் தாண்டி இருந்தது, 2024 தொடக்கத்தில் மூன்றரையை ஒட்டிப் போனது. வார இறுதியில் ஜோகூர் பாலத்தில் பேருந்து நகராமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் தொழிலாளிக்கு, விலைவாசி ஏற்றத்தின் ஒரு பங்கை இந்த நாணய மாற்று ஈடுகட்டியது. தமிழ்நாட்டிலும் விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது என்பதால் முழு ஈடு இல்லை.

கார். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கே கார் வாங்க முதலில் பத்து வருட உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய காருக்கான சான்றிதழ் 106,000 வெள்ளி, பெரிய காருக்கு 150,001 வெள்ளி. காரின் விலை அதற்கு மேல். அந்த மாதம் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 4.1இலிருந்து 4.7க்குத் தாவியது, மறு மாதம் 3.6க்கு இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு தனியார் போக்குவரத்தினுடையது. ஆனால் கார் வைத்திருப்பது மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள்தான். அதனால்தான் கார் செலவையும் வீட்டு வாடகையையும் கழித்த மூலாதாரப் பணவீக்கத்தை ஆணையம் முன்னே வைக்கிறது. பேருந்தில் போகிற, சொந்த வீவக வீட்டில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும்.

வாடகைக்கு இருப்பவருக்கு? இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. குடியிருப்பவர் வீடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு சொந்த வீடு. சொந்த வீட்டுக்காரருக்கு, தன் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு கற்பிதத் தொகையைக் குறியீடு செலவாகச் சேர்க்கிறது. அவர் கையிலிருந்து அது போவதில்லை. அதனால் அதைக் கழித்துப் பார்ப்பது சரி. ஆனால் அதே கத்தரி, உண்மையாக வாடகை கொடுப்பவரின் செலவையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. 2022இல் தனியார் வீட்டு வாடகை மட்டும் ஒரே வருடத்தில் 29.7 விழுக்காடு ஏறியது. வேலை அனுமதியில் வந்து, இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்த என் தோழி ஒருத்தியிடம், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் கேட்ட தொகை அவள் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மூன்று அறை வீட்டைக் காலி செய்துவிட்டு, இன்னொரு குடும்பத்தோடு சமையலறையைப் பகிர்ந்துகொண்டு ஓர் அறைக்குள் போனார்கள். அந்த மாதங்களின் மூலாதாரப் பணவீக்க எண்ணில் அவர்களின் மிகப் பெரிய செலவுக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடும்பமாக இருக்கும் பலருக்கு நிலைமை இதுதான். ஒட்டுமொத்த எண்ணைப் பாருங்கள் என்று அவர்களிடம் சொன்னால், அதில் காரும் கற்பித வாடகையும் கலந்திருக்கின்றன.

ஆகவே இரண்டு எண்களில் எதுவுமே எல்லாருக்குமான எண் இல்லை. நான் இப்போது செய்வது, அறிக்கை வந்ததும் தலைப்பு எண்ணைத் தாண்டி அட்டவணைக்குப் போய்விடுவது. சமைக்காத உணவு தனி வரி, வெளிச்சாப்பாடு தனி வரி, மின்சாரமும் எரிவாயுவும் தனி வரி, மருத்துவம் தனி வரி. உணவங்காடியில் விற்கும் கோழிச் சோறு, பரோட்டா, கோப்பி, தேநீர் ஆகியவற்றின் சராசரி விலையைக்கூட வெள்ளி காசில் மாதவாரியாகத் துறை வெளியிடுகிறது. ஆயிரக்கணக்கான பொருள்களின் விலையை ஆள் அனுப்பி எடுக்கிறார்கள். மீன், காய்கறி போன்றவற்றுக்கு வாராவாரம். இவ்வளவு கவனமாக வேலை செய்யும் ஒரு துறையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உழைப்பு செய்தியில் ஒற்றை விழுக்காடாகச் சுருங்கிப் போவதுதான் வருத்தம். அந்த விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே, “ஐந்து வருடத்துக்கு முன் 100 வெள்ளி, இன்று இவ்வளவு” என்று ஒரு வரி போடுவதற்கு எத்தனை இடம் பிடித்துவிடும்? ஒலி வானொலி, வசந்தம் தொலைக்காட்சி, நாளிதழ் என்று தமிழில் செய்தி தருபவர்களாவது இதைத் தொடங்கலாம்.

இன்னொரு அட்டவணையும் இருக்கிறது. குடும்பங்களை வருமானப்படி அடுக்கி, கீழே உள்ள 20 விழுக்காடு, நடுவில் 60, மேலே 20 என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பணவீக்கம் எவ்வளவு என்று காட்டுவது. கீழே உள்ள 20 விழுக்காட்டினருக்குச் சாப்பாடும் மின்சாரமும் செலவில் பெரிய பங்கு, விமானப் பயணமும் காரும் அவர்கள் கணக்கில் மிகக் குறைவு. உணவு ஏறும் வருடம் முதலில் அடிபடுவது அவர்கள்தான். சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றம்) பற்றுச்சீட்டு, பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டு என்று அரசு உதவி அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது, எவ்வளவு தேவை என்று அளந்து பார்க்க உதவும் எண்ணும் இதுதான். ஆனால் இந்த அட்டவணை அரையாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. 2022 ஜூனில் கோழி நின்றபோது அது அவர்களை எப்படித் தொட்டது என்பதை அடுத்த மாதமே பார்க்க வழியில்லாமல் போனது.

இதை மாதாமாதம் வெளியிடுங்கள் என்று கேட்டுத் துறைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். புதிதாக யாரும் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதில்லை. விலைகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, ஒவ்வொரு பிரிவும் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பது குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் இருக்கிறது. உங்களுக்கும் இது வேண்டும் என்று தோன்றினால் நீங்களும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், இங்கே அது ஆட்சிமொழி.